நக்ஸோஸ் தீவில் நம் அடுப்பு: வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்களுக்கு

அம்மாவுக்கு 71 வயது. ரொட்டியும் சீஸும் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள், "ஒரு வாய் ரசஞ்சோறு கிடைக்காதா?" என்று கேட்டுவிடுவார். அதனால் கிரேக்கத் தீவுக்குப் போவது என்று முடிவானதும் ஹோட்டல் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. சமையலறை உள்ள வீடு, தரைத்தளம், கடைக்கு நடந்து போகிற தூரம். இந்த மூன்றையும் வைத்துத்தான் தேடினோம். பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம்: அம்மா, நான், என் வீட்டுக்காரர், தங்கை, எங்கள் பிள்ளைகள் இருவர். ஜூன் மாதம், நக்ஸோஸ் தீவில் 11 இரவு. திரும்பி வந்ததிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலில் பார்க்கிறவர்கள்கூட நிறுத்தி வைத்து விவரம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பாதி பாதியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கு அடுப்படியை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. தாளிப்புச் சாமானும் புளியும் தூளும் போதும். பருப்பு, ரவை, கீரை, தயிர், நெத்திலி எல்லாம் அங்கேயே இருக்கின்றன, வேறு பெயரில். அந்தப் பெயர்களையும், அந்த ஊர் எந்த நேரத்தில் விழித்திருக்கும், எந்த நேரத்தில் தூங்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

வீடு பார்க்கும்போது

சாந்தோரினிதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நாங்கள் நக்ஸோஸைப் பிடித்ததற்குக் காரணம் சாப்பாடு. இவை இரண்டும் இருக்கும் சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்தில் பல தீவுகள் வறண்டவை. நக்ஸோஸ் அவற்றில் பெரியது, மலையும் உண்டு (அந்தத் தீவுக் கூட்டத்திலேயே உயரமான ஸாஸ் மலை இங்கேதான், 1,004 மீட்டர்). வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது, உருளைக்கிழங்கு பேர்போனது. காய்கறி பெரும்பாலும் தீவிலேயே விளைவதால் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்ற இடம். ஊரிலேயே மருத்துவமனையும் உண்டு. வயதானவர்களோடு போகும்போது அது பெரிய நிம்மதி.

தீவின் முக்கிய ஊரை ஹோரா என்கிறார்கள். அதன் மேட்டில் 1207-க்குப் பிறகு வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டைப் பகுதி இருக்கிறது. படத்தில் பார்த்தால் அங்கேயே வீடு எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். வண்டி போகாது, வழியெல்லாம் கல்படி, பெட்டியையும் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஆறையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கோட்டையை மாலையில் சுற்றிப் பார்த்தால் போதும். தங்குவதற்கு ஆயியோஸ் யோர்யோஸ் கடற்கரைப் பக்கம் சமதளமாக இருக்கும், துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம், கடலும் ஆழமில்லை. அம்மா தினமும் காலையில் முட்டளவு நீரில் நின்றுவிட்டு வருவார்.

விளம்பரத்தில் கடல் தெரியும் மாடத்தைப் பத்துப் படம் போடுவார்கள். சமையலறைக்கு ஒரு படம் இருந்தால் அதிகம். அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுப்பு இரண்டு தட்டா, நான்கு தட்டா? சிங்க் எவ்வளவு அகலம்? பிறகு வீட்டின் உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள்: நான்கு லிட்டர் பாத்திரம் இருக்கிறதா, கூர்மையான கத்தி இருக்கிறதா, துணி காயப்போட இடம் உண்டா, எத்தனை படி ஏற வேண்டும். நாங்கள் ஐந்து வீட்டுக்கு எழுதினோம். படியை எண்ணி, "வாசலில் மூன்று, குளியலறைக்கு ஒன்று" என்று பதில் போட்ட அம்மையாரின் வீட்டையே எடுத்தோம். அப்படிப் பதில் சொல்கிறவர் பிறகும் கைவிட மாட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு அரசுப் பதிவு எண் இருக்க வேண்டும், விளம்பரத்திலேயே அது போட்டிருக்கும். எண் இல்லாத வீடு வேண்டாம். அடுத்தது, வாடகையோடு சேராத ஒரு வரி உண்டு. 2025 முதல் குறுகிய காலத்துக்கு விடப்படும் வீடுகளுக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓர் இரவுக்கு 8 யூரோ. ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீடு என்றால் 15 யூரோ. 11 இரவுக்குக் கணக்குப் போட்டால் நம் வெள்ளியில் (ரிங்கிட்டில்) சின்னத் தொகை இல்லை, முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பெட்டியில் என்ன, என்ன கூடாது

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். கடப்பிதழ், நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள்தான். பால்கோவா, பால் பவுடர் கலந்த பானப் பொட்டலம், செருண்டிங் (உதிர்த்து வறுத்த இறைச்சி) எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. செடி, இலை, காய் எதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். விலக்கு ஐந்து பழத்துக்கு மட்டும்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான். பாலேக் பூலாவ் டுரியானை எடுத்துப்போகலாம் என்று என் பையன் குதித்தான். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லி அடக்கினேன். காய்ந்த நெத்திலி கொண்டுபோகலாம், தனியாள் தேவைக்கு மீன் வகைக்கு அனுமதி உண்டு.

கசகசாவை மறந்துகூட வைக்காதீர்கள். குருமாத் தூளில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. அந்த இரண்டு நாட்டிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கும் அதே சட்டம்.

நான் எடுத்துப்போனதைச் சொல்கிறேன். லெபோ பாசாரில் வாங்கிய கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சீரகம், மிளகு. வீட்டில் அரைத்த குழம்புத் தூள் அரைக்கிலோ. கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து, பருப்போடு வறுத்துப் பொடித்த பொடி. கொட்டை எடுத்த புளி. பெருங்காயத்தை மூடி இறுகிய போத்தலில் போட்டு அதை இன்னொரு டப்பாவுக்குள் வைத்தேன், இல்லாவிட்டால் துணியெல்லாம் அதே வாசம்தான். தூள் எல்லாவற்றுக்கும் பேர் எழுதி ஒட்டினேன். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். அப்புறம் தேயிலைத் தூள், ஒரு நல்ல கத்தி (கைப்பையில் அல்ல, ஏற்றிவிடும் பெட்டியில்), சின்ன இடிகல்.

மின்சாரத்தில் ஓடும் சிறிய சோற்றுப் பானையும் எடுத்தோம். அங்கே மின்சாரம் 230 வோல்ட், நம் சாமான் நன்றாக வேலை செய்யும். ஆனால் நம்முடைய தடித்த மூன்று கால் பிளக் அங்கே நுழையாது. அங்கே உருண்டையான இரண்டு கால். மாற்றுப் பிளக்கை இங்கிருந்தே வாங்கிவிடுங்கள், அது தாங்கும் வாட் அளவு பானையின் அளவைவிட அதிகமா என்று பார்த்து வாங்குங்கள்.

குளியலறைக்கு ஒரு குவளை அவசியம். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. காகிதத்தையும் உள்ளே போடக் கூடாது, பக்கத்தில் உள்ள மூடி போட்ட தொட்டியில்தான் போட வேண்டும். குழாய்கள் மெல்லியவை, அடைத்துக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏதென்ஸிலிருந்து கப்பல்

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராகப் போகிறது, 2022 முதல் வண்டி மாற வேண்டியதில்லை. எக்ஸ்96 பஸ்ஸும் இரவு பகலாக ஓடுகிறது. பிரேயஸ் பெரிய துறைமுகம். உங்கள் கப்பல் எந்த வாயிலில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள், ஒரு வாயிலுக்கும் இன்னொன்றுக்கும் பெட்டியோடு நடப்பது கடினம்.

நக்ஸோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். வேகப் படகும் உண்டு. அம்மாவுக்காகப் பெரிய கப்பலையே எடுத்தோம், அலையில் ஆட்டம் குறைவு. நம்மூர் பட்டர்வொர்த் ஃபெரி நினைப்பில் போகாதீர்கள். பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் தீவுப் பேர் எழுதிய அடுக்கில் வைக்க வேண்டும், இறங்கும்போது நீங்களேதான் எடுக்க வேண்டும். கப்பல் கரையில் நிற்பது சில நிமிடம்தான். தீவின் பேரை அறிவித்ததும் படியிறங்கிவிடுங்கள். நாங்கள் அசட்டையாக மேலேயே நின்று, கடைசி நிமிடத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அம்மாவின் மூட்டு வலி இரண்டு நாள் நீடித்தது.

முதல் இரவு

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு, வெளியே இன்னும் வெயில். தங்கை அரிசியைக் கழுவினாள், நான் உருளைக்கிழங்கை நறுக்கிச் சட்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பைத் திருகினேன். கால் மணி ஆயிற்று. தட்டைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. அடுத்த தட்டு, அதுவும் அப்படியே. அடுப்பு கெட்டுப்போய்விட்டது, 11 நாளும் கடைச் சாப்பாடுதான் என்று அம்மாவின் முகமே வாடிவிட்டது. வீட்டுக்கார அம்மையாரைக் கூப்பிட்டோம். அவர் அடுப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வாசல் கதவுக்குப் பின்னால் போய், சுவரில் இருந்த சிறு பெட்டியைத் திறந்து, தடித்த ஒரு சுவிட்சை மேலே தள்ளினார். "கூசீனா" என்றார். அடுப்புக்கென்று தனிச் சுவிட்ச்!

கிரேக்க வீடுகளில் இப்படித்தான். மின்பெட்டியில் அடுப்புக்கு ஒன்று, சுடுநீர்த் தொட்டிக்கு ஒன்று. சுடுநீர்ச் சுவிட்சுக்கு "தெர்மோசீஃபோனாஸ்" என்று பேர். பெரும்பாலும் கூரையில் சூரியத் தகடு இருக்கும், வெயில் நாளில் சுவிட்சே தேவைப்படாது. தேவைப்பட்டால் குளிப்பதற்கு அரை மணிக்கு முன் போட்டு, பிறகு அணைத்துவிட வேண்டும். தண்ணீர் அந்தத் தீவுகளில் அருமையான பொருள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்காதீர்கள், ஒரு தொட்டியில் பிடித்துத் தேயுங்கள். குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர்தான் வாங்கினோம்.

அடுப்புத் தட்டு இரும்பு. சூடேற நேரம் எடுக்கும், அணைத்தாலும் சூடு லேசில் போகாது. நம் கேஸ் அடுப்பு மாதிரி "சட்டென்று குறைத்துவிடலாம்" என்று நினைத்தால் கடுகு கருகிவிடும். தாளிக்கும்போது சட்டியைத் தட்டிலிருந்து தூக்கிவிடுங்கள். குழம்பு முக்கால் பதம் வந்ததும் அணைத்து மூடிவிட்டால் மீதி தானாக வெந்துவிடும்.

கடைத்தெருவில் நம் சாமான்

பருப்பிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். கடையில் "ஃபாவா" என்று கேளுங்கள். மொச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சளாக உடைத்த பருப்பு, பார்த்தால் நம் பட்டாணிப் பருப்பு. சாந்தோரினியில் விளையும் ஃபாவா தனி இனம், விலை கூடுதல். சாம்பாருக்குச் சாதாரண ஃபாவாவே போதும். குக்கர் இல்லாமல் வேகும். ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள் தூள், இரண்டு பல் பூண்டு. முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், நுரை பொங்கி அடுப்பில் வழியும். நுரையை வழித்துப்போட்டுத் தீயைக் குறைத்தால் முக்கால் மணியில் கரண்டியிலேயே மசியும். ஆறினால் களி போலக் கெட்டிப்படும், பயப்படாதீர்கள், சுடுநீர் விட்டுக் கரைத்தால் மறுபடி இளகும். கத்தரிக்காயும் சுரைக்காய்க்குப் பதிலாக அங்கத்துக் கொலொகீத்தியும் போட்டுச் சாம்பார் வைத்தேன். கொலொகீத்தி சீக்கிரம் குழையும், கடைசி ஐந்து நிமிடம் போதும்.

முழு மசூர் பருப்பு மாதிரி இருப்பது "ஃபகேஸ்". கொண்டைக்கடலை "ரெவீத்யா", ராத்திரி ஊறவைத்தால் காலையில் சுண்டல். ரவைக்கு "சிமிக்தாலி". பெரியது, சிறியது என்று இரண்டு உண்டு, "ஹொந்த்ரோ" என்று எழுதியிருப்பது பெரியது, உப்புமாவுக்கு அதுதான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் "ப்லிகூரி" என்கிற உடைத்த கோதுமையை வாங்கிக் கிச்சடி செய்தோம். அரிசியில் பாஸ்மதி கிடைக்கும். "க்லாசே" என்று போட்டிருப்பது குழையும், பொங்கலுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது. தேங்காய்த் துருவலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் "இந்தோகாரிதோ". இந்தியக் கொட்டை என்று அர்த்தம்! கேக் செய்யும் சாமான் பக்கம் இருக்கும், காய்ந்த துருவல். சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இடிகல்லில் இடித்தால் துவையல். இந்த ஒரு சொல்லைக் கேட்டு அம்மா இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

எண்ணெய் போத்தலில் எச்சரிக்கை. "எலியோலாதோ" என்றால் ஆலிவ் எண்ணெய், "இலியேலியோ" என்றால் சூரியகாந்தி. சொல் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள். பொரிக்கவும் தாளிக்கவும் சூரியகாந்தி, கீரைக்கு ஆலிவ்.

கீரை என்றதும் நினைவு வருகிறது. காய்கறிக் கடை வாசலில் மண் ஒட்டிய வேரோடு கட்டுக்கட்டாக ஒன்று கிடந்தது. அம்மா தண்டை ஒடித்துப் பார்த்தார், இலையை முகர்ந்தார். "இது பாயாம்தானே!" என்றார். "வ்லீதா" என்றார் கடைக்காரம்மா. தண்டுக்கீரை இனம்தான், கோடை முழுதும் விற்பார்கள். அவர்கள் வேகவைத்து எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் பூண்டும் மிளகாயும் தாளித்துப் பொரியல், மறுநாள் ஃபாவாவோடு கூட்டு. "க்லிஸ்திரிதா" என்பது நம் பருப்புக்கீரை. வெண்டைக்காய், "பாமியெஸ்", விரல் நுனி அளவுதான் இருக்கும், காம்பை மட்டும் சீவி முழுதாகப் போடுங்கள். வழவழப்புப் போக அவர்கள் வினிகரில் பிரட்டி வெயிலில் வைக்கிறார்கள். புளிக்குழம்பில் போடுவதற்கு முன் அப்படி ஒரு முறை செய்தேன், நன்றாகவே வந்தது. கொத்தமல்லித் தழையைத் தேடி அலையாதீர்கள், பார்ஸ்லியும் புதினாவும் போதும்.

நக்ஸோஸ் உருளைக்கிழங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஒரு தடவை வறுத்துப் பாருங்கள். தக்காளி அந்த வெயிலில் பழுத்தது. ரசத்துக்குப் புளி பாதி போதும்.

தயிர் இரண்டு விதம். வடிகட்டிய தயிர் கெட்டி வெண்ணெய் மாதிரி இருக்கும், மோருக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலக்கலாம். சோற்றில் பிசைய "ப்ரோவியோ" என்கிற செம்மறி ஆட்டுப்பால் தயிர், மேலே ஏடு கட்டி, வீட்டில் உறை ஊற்றியது போலவே இருக்கும். தே தாரேக்குப் பால் தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: "நூநூ" என்ற டின் பால் எல்லாக் கடையிலும் உண்டு. நம்மூர் டின் பால் மாதிரியே கெட்டி. இங்கிருந்து எடுத்துப்போன தேயிலையோடு அது சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் நாலு மணி ஆனதும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

மீனும் இறைச்சியும்

"காவ்ரோஸ்" நெத்திலி இனம், "சர்தேலா" மத்தி. இரண்டும் விலை குறைந்த மீன். காலையில் துறைமுகப் பக்கம் போனால் கிடைக்கும், மீன்காரர் கேட்டால் சுத்தம் செய்து தருவார். காவ்ரோஸை நாங்களே செய்தோம். தலையைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து வயிற்றுப் பக்கமாகக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும், கத்தி வேண்டாம். உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், எலுமிச்சைச் சாறு பிரட்டிக் கால் மணி. பொரிக்கும் முன் மெல்லிய சிமிக்தாலியில் புரட்டினால் மொறுமொறுப்பாக இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரியுங்கள். வாடகை வீட்டின் திரைச்சீலையில் மீன் வாசம் தங்கக் கூடாது.

நம்மில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இரண்டு சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும். "மொஸ்காரி" மாடு, "கிமாஸ்" கொத்திறைச்சி. மூஸாக்கா, பஸ்தீத்சியோ, கெஃப்தேதெஸ் என்ற கிரேக்கப் பண்டங்களில் உள்ள கிமாஸ் பெரும்பாலும் மாடு, அல்லது மாடும் பன்றியும் கலந்தது. தக்காளிக்குள் அரிசி அடைத்த கெமிஸ்தாவிலும் சில வீட்டில் போடுவார்கள், கேட்டு வாங்குங்கள். சுட்ட இறைச்சி வகைகளான சுவ்லாக்கி, யீரோஸ் இரண்டும் கேட்காவிட்டால் பன்றிதான் வரும். கோழி "கொத்தோப்புலோ". கறிக்குழம்புக்கு "கட்சீகி" என்று ஆட்டிறைச்சி கேட்டுத் துண்டு போட்டு வாங்கினோம், மலையில் மேய்ந்தது, வேக இரண்டு மணி நேரம் ஆனது.

செவ்வாய், வெள்ளி சைவம் இருக்கிற அம்மாவுக்குக் கைகொடுத்த சொல் "நிஸ்தீசிமோ". விரத உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை சேராது. ஆனால் இறால், கணவாய் அவர்கள் விரதத்தில் உண்டு, அதைத் தனியாகக் கேளுங்கள். ரொட்டிக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் இந்தச் சொல் எல்லோருக்கும் புரியும். எண்ணெயில் வதக்கி வேகவைத்த காய்கறி வகைகளுக்கு "லாதெரா" என்று பேர்.

அந்த ஊர் நேரம்

ரொட்டிக் கடையை "ஃபூர்னோஸ்" என்பார்கள், விடிந்ததும் திறந்துவிடும். காய்கறியும் மீனும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குச் சிறு கடைகள் சாத்தி, மாலையில்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஆகஸ்டு 15 மாதா திருநாள், அந்த வாரம் தீவு நிறைந்திருக்கும், வீட்டையும் கப்பலையும் மிகவும் முன்னதாகப் பதிய வேண்டும்.

கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரையும் இரவு 11 முதல் காலை 7 வரையும் சத்தம் போடக் கூடாது என்று சட்டமே உண்டு. இடிகல்லில் இடிப்பது, பிள்ளைகள் மாடத்தில் பாட்டுப் போடுவது எல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம். காலை ஏழுக்கு மேல் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டால் மதியம் தூங்கலாம், அந்த வெயிலில் வேறொன்றும் செய்ய முடியாது.

பேச்சில் ஒன்று: "நே" என்றால் ஆமாம், "ஓஹி" என்றால் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்துப் புருவத்தைத் தூக்கினாலும் இல்லை என்றுதான் அர்த்தம். அரைக்கிலோவுக்கு "மிசோ கிலோ". கடைக்குள் நுழையும்போது "கலிமேரா" சொல்லாமல் சாமானைத் தொடாதீர்கள், கிராமத்தில் அது மரியாதை.

காசு எடுக்கும் இயந்திரம் "ரிங்கிட்டிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். கார் எடுப்பதாக இருந்தால் ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் உரிமம் வாங்கிப் போக வேண்டும், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நாங்கள் இரண்டு நாள் மட்டும் எடுத்து ஹல்கி, அபிராந்தோஸ் கிராமங்களுக்குப் போனோம். மற்ற நாள் பஸ், நிலையம் துறைமுகத்துக்கு எதிரிலேயே, சீட்டை ஏறும் முன் வாங்க வேண்டும். நான்கு சக்கர மோட்டார்சைக்கிளைப் பிள்ளைகள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வளைந்த மலைச் சாலை, சரளைக்கல். பாதிக்கட்டில் நின்றுபோன அப்பல்லோ கோயிலின் கல்வாசல், போர்த்தாரா, ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான். சூரியன் மறையும் நேரத்துக்குப் போங்கள், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

திரும்பும் நாள்

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று அடிக்கும். காற்று மிஞ்சினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், வேகப் படகுகள்தான் முதலில் நிற்கும். ஆகவே தீவிலிருந்து நேராக விமானத்துக்குப் போவதுபோல டிக்கெட் போடாதீர்கள். ஏதென்ஸில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள்.

கடைசி மூன்று நாள் எதையும் புதிதாக வாங்காமல் அலமாரியில் இருந்ததைத் தீர்த்தோம். பிரிக்காத ஃபாவாப் பொட்டலமும் மீந்த கடுகும் வீட்டுக்கார அம்மையாரிடம் கொடுத்தோம். கடுகை எண்ணெயில் வெடிக்க விட்டு அம்மா செய்து காட்ட, அவர் கைகொட்டிச் சிரித்து, தன் தோட்டத்து எலுமிச்சை பத்துப் பறித்துத் தந்தார். அதைப் பிழிந்து, புறப்பட்ட அன்று காலை ஐந்தரைக்கே எலுமிச்சைச் சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுவலோடு டப்பாவில் கட்டினோம். தயிர் சேர்க்காதீர்கள், வெயிலில் புளித்துவிடும். சோறு நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். பக்கத்துப் பரோஸ் தீவைத் தாண்டியதும் கப்பலின் மேல்தளத்தில், நிழலுள்ள பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.